மெத்தையோடு எழுபத்தைந்து

முழுவெல்டு என்று அவனுக்கு யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனும் எல்லாரையும் போல வெறும் வெல்டர்தான். இரும்பை அளப்பான், வெட்டுவான், மூலைமட்டம் வைத்துப் பார்ப்பான், நாலு மூலையிலும் டேக் வைப்பான். டேக் என்றால் பெரிய விஷயமில்லை, ஒரு பொட்டு. முழுசாக ஒட்டுவதற்கு முன்னால் இரும்பு நகராமல் நிற்க வைக்கிற நெருப்புப் பொட்டு. பொட்டு வைத்த கேட்டை இரண்டு நாள் சுவரில் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போகிற பழக்கம் அவனுக்கும் இருந்தது.

இப்போது டேக் வைத்த இரும்பை விட்டு அவன் டீ குடிக்கக்கூட நகர மாட்டான். நடுவில் மின்சாரம் போய்விட்டால், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவனைப் போல அந்த இரும்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஒட்ட ஒரு ராடு போதும் என்கிற இடத்தில் மூன்று ராடு உருக்குவான். "ஜன்னல் கேட்டா கப்பல் செஞ்சு குடுக்கறான்யா" என்று வீடு கட்டுகிறவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அவனிடம்தான் வந்தார்கள்.

காரணத்தை யாரும் அவனிடம் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும். ஒரு மாடி வீட்டு பால்கனிக்குக் கைப்பிடிக் கம்பி வைத்துக்கொண்டிருந்தான். டேக் மட்டும் வைத்துவிட்டு ராடு எடுக்கக் கீழே இறங்கினான். மேலே அவன் மனைவி இருந்தாள். அவன் ஒட்டுவான், அவள் சின்னச் சுத்தியால் வெல்டின் மேல் படிந்த கறுப்புக் கசடைத் தட்டி உதிர்த்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்பு ப்ரைமர் அடிப்பாள். பதினோரு வருஷம் அப்படித்தான் வேலை செய்தார்கள். அன்று அவள் பிரஷ்ஷோடு கம்பியின் மேல் சாய்ந்தாள். கம்பி போயிற்று. அவளும் போனாள். கீழே செங்கல் அடுக்கியிருந்தது.

இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தெரியாது என்பதுதான் சரியான வார்த்தை. சூடு தெரியாது, குத்தினால் தெரியாது, செருப்புக்குள் கல் கிடந்தால் தெரியாது.

வீட்டில் அன்றிலிருந்து எல்லாமே மணிக் கணக்கு ஆகிவிட்டது. அரை மணிக்கு ஒரு தரம் அவள் சக்கர நாற்காலியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பாள், ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணி இறக்குவாள். ரத்தம் ஓட வேண்டும் என்பதற்காக. மாலையில் அவள் அக்கா டார்ச்சும் கண்ணாடியுமாக வந்து அவள் தோலை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். அவனுக்கு அவள் அண்ணி; நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் நாலு வருஷமாக இருக்கிறாள். "உன் முதுகை நான் பாத்த அளவுக்கு என் மூஞ்சிய நான் பாத்ததில்லடி" என்பாள்.

பார்த்தும் ஒருமுறை தப்பிவிட்டது. இரண்டாம் வருஷம், உட்காரும் இடத்தில் ஒரு நாணயம் அளவுக்குச் சிவப்பு. மூன்றாம் நாள் அது குழியாகிவிட்டது. ஐந்து மாதம் குப்புறப் படுத்தே கிடந்தாள். தட்டைத் தரையில் வைத்து, கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுச் சாப்பிட்டாள். அதற்கப்புறம்தான் அந்த மெத்தை வந்தது. ஆறு சென்டிமீட்டர் கனம், உள்ளே கட்டம் கட்டமாகக் காற்று அறைகள். அது இல்லாமல் அவள் எங்கும் உட்காருவதில்லை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போனால் மெத்தையும் போகும். ஆட்டோவில் ஏறினால் மெத்தை முதலில் ஏறும். அவளுக்குக் கை இருப்பது போல, முடி இருப்பது போல, மெத்தை இருந்தது.

அவன் அவளிடம் பேசுகிற பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து ஒரே வார்த்தையில் வந்து நின்றது. சாயாதே. அலமாரியில் டம்ளர் எடுக்கக் கை நீட்டினால், சாயாதே. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால், சாயாதே. அவளும் மாறிப்போயிருந்தாள். வேலைக்குப் போன காலத்தில், நாலு பேர் முன்னால் அவனை "என்னங்க" என்பாள், ஏணி மேல் நின்றால் "யோவ்" என்பாள். "யோவ், எந்தப் பக்கம் பாத்து ஒட்டுற? கம்பி என்ன சொந்தக்காரங்க வீட்டுக்கா போகுது?" என்று தெரு முழுக்கக் கேட்கும். விழுந்த பிறகு எந்நேரமும் "என்னங்க"தான். தண்ணி வேணுங்க. கதவைச் சாத்துங்க. ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் பேசுகிற மாதிரி.

இந்த வீட்டுக்குள் குண்டு எறிதல் வந்தது ஒரு சி கிளாம்பால், இரும்பை நகராமல் கவ்விப் பிடிக்கிற கிடுக்கியால். பள்ளிக்கூட மைதானத்துக்குக் கேட் செய்யச் சொல்லி விளையாட்டு டீச்சர் பட்டறைக்கு வந்திருந்தார். கட்டைக் குரலும் அகலத் தோளுமாக, நின்றால் நிலைப்படியை அடைக்கிற உடம்பு. உள்ளேயிருந்து அவன் கிளாம்ப் கேட்டான். வாசலில் உட்கார்ந்து கம்பிக்குத் துரு தேய்த்துக்கொண்டிருந்தவள் இரண்டரைக் கிலோ இரும்பை, திரும்பிக்கூடப் பார்க்காமல், பட்டறையின் அந்தக் கோடிக்கு வீசினாள். அது அவன் காலடி மணல் சாக்கில் போய் விழுந்தது.

டீச்சர் கேட்டின் அளவை மறந்துவிட்டார். "ஏம்மா, இதை எத்தன நாளா பண்ற?"

"எதை?"

"இந்த மாதிரி வீசறத."

"அவரு கேக்கும்போதெல்லாம்."

இப்படி ஆரம்பித்தது. உட்கார்ந்தே எறிகிற போட்டி இருக்கிறது, இரும்பு நாற்காலியைத் தரையோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள், மூன்று கிலோ குண்டு, ஆறு எறி என்றெல்லாம் டீச்சர் சொன்னார். தேர்வுப் போட்டி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். ஏழு மீட்டர் தாண்டியவர்களை ஒரு வருஷப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். தங்க இடம், மருத்துவர், சரியான நாற்காலி எல்லாம் அங்கே உண்டு. பள்ளிக்கூடத்துப் பழைய நாற்காலியில் எட்டு மாதம் பழகி, ஒரே ஒருமுறை அவள் ஏழு மீட்டர் பத்து சென்டிமீட்டர் எறிந்திருந்தாள்.

அவன் பார்த்ததில்லை. வாரம் மூன்று நாள் காலையில் அவளை மைதானத்தில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடிப்பான். எறிவதற்கு முன்னால் பின்னோக்கிச் சாய வேண்டும், எறியும்போது முன்னோக்கிச் சாய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பார்க்க அவனால் முடியாது.

பழைய நாற்காலியின் கால் விரிந்துவிட்டதால் புதிது செய்யும் வேலை அவனுக்கு வந்தது. டீச்சர் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் வேறு எதையும் தொடவில்லை. சதுரக் குழாயில் நாலு கால். கீழே நாலையும் இணைக்கும் அடிச்சட்டம், அதில் பெல்ட் மாட்டி இறுக்க எட்டுக் கொக்கி. பாதம் வைக்கிற பலகை சீட்டிலிருந்து தொங்கும். எல்லா மூட்டிலும் இரண்டு சுற்று வெல்டு. போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது முடித்தான்.

அண்ணி நகர்த்திப் பார்த்தாள், நகரவில்லை. "மாப்பிள்ள, நாற்காலியா இது? பூகம்பம் வந்தா ஊரே இது மேல ஏறிக்கலாம்."

"அதுக்குத்தான் அண்ணி" என்றான் அவன், சிரிக்காமல்.

*

போட்டி நாள் காலையில் மழை விட்டிருந்தது, வானம் விடவில்லை. பெரிய மைதானம். ஒரு பக்கம் கேலரிப் படிகள். புல் நனைந்து, நடந்தால் சளக் சளக்கென்றது. அண்ணி பையில் பன்னும் அவித்த முட்டையும் பிளாஸ்க்கில் டீயும் கொண்டுவந்திருந்தாள். எல்லாரையும் சாப்பிடு சாப்பிடு என்று துரத்தினாள். யாருக்கும் இறங்கவில்லை.

அவன் அப்படி ஒரு கூட்டத்தை அதுவரை பார்த்ததில்லை. ஒற்றைக் காலோடு ஒருவன் வளைவில் ஓடிக்கொண்டிருந்தான். செயற்கைக் கால் தரையில் பட்டு எழும்பும் சத்தம் ஒரு தாளமாகக் கேட்டது. கண் தெரியாத ஒரு பெண், யாரோ கை தட்டுகிற திசையை நோக்கி ஓடி, மணலுக்குள் தாவினாள். எங்கே விழுவோம் என்று தெரியாமலே தாவினாள். அவன் பிளாஸ்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றான். டீ ஆறிப்போயிற்று.

"வாய மூடுங்க மாப்பிள்ள, ஈ போயிடும்" என்றாள் அண்ணி. ஆனால் அவளும் முட்டையை உரித்துவிட்டு, ஓட்டை மட்டும் பைக்குள் வைத்து, முட்டையைக் கீழே போட்டிருந்தாள்.

குண்டு எறிகிற வட்டத்துக்குப் பக்கத்தில் நடுவர் நாற்காலிகளை அளந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், கையில் இரும்பு டேப். அவன் செய்த நாற்காலியைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், வெல்டில் விரலை ஓட்டினார். "யார் செஞ்சது? பிரமாதம்" என்றார். மெத்தையை வைக்கச் சொன்னார். டேப்பைத் தரையிலிருந்து பிடித்தார். மறுபடியும் பிடித்தார்.

"எண்பத்தொண்ணு சென்டிமீட்டர் இருக்கே."

"எழுபத்தஞ்சுதான் சார்" என்றான் அவன். "மில்லிமீட்டர் சுத்தமா வச்சிருக்கேன்."

"மெத்தையோட எழுபத்தஞ்சு இருக்கணும்ப்பா. உக்கார்ற இடத்தோட உயரம், அதிகபட்சம்."

"மெத்தை நாற்காலியோடது இல்ல சார். அவளோடது."

நடுவர் அவனைப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்கிறானா என்று தேடினார். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மெத்தையோடன்னு எழுதிக் குடுத்தேனேய்யா!"

சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தான். எழுதியிருந்தது. பதினைந்து நாளில் நூறு முறையாவது அதைப் படித்திருப்பான். அவளை அளக்கும்போதெல்லாம் மெத்தையோடு சேர்த்துத்தான் அளந்திருக்கிறான், முதுகு உயரம், தோள் உயரம் எல்லாமே. மெத்தை அவள் உடம்பின் கணக்கில் போய்விட்டது. நாற்காலியின் கணக்குக்கு வரவில்லை.

"உங்க முறை பதினொண்ணே காலுக்கு" என்றார் நடுவர். "இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா டேப்புக்குக் கண்ணு மட்டுந்தான் இருக்கு, மனசு இல்ல."

அவள்தான் முதலில் பேசினாள். "மெத்தைய எடுத்துடுங்க. ஆறு எறிதானே. பத்து நிமிஷம்."

"அடிப்பேன்" என்றாள் அண்ணி. "வெறும் இரும்புல உக்காந்து முன்னும் பின்னும் தேய்ச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. தெரியாதுன்னா தெரியவே தெரியாது. எனக்குத்தான் சாயங்காலம் தெரியும். அஞ்சு மாசம் குப்புறக் கெடந்தது மறந்து போச்சா? சாகப் பிழைக்கக் கெடந்தியேடி!"

"ரெண்டு வருஷம் காத்திருக்கணும்க்கா."

"காத்திரு. உசுரோட காத்திரு."

அவன் இரண்டு பேர் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. கேலரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மேல் படியில், சாம்பல் வானத்துக்கு எதிரே, ஒரு நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று வெட்டியது. யாரோ கைப்பிடிக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

கம்பி ஒட்டிக்கொண்டிருந்த கேலரிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தலையில் துண்டைச் சுற்றி, அதன் மேல் முகமூடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் சொன்னதைக் கேட்டார். தொழில்காரனிடம் தொழில்காரன் பேச நிறைய வார்த்தை வேண்டியதில்லை.

"ஒரு நாற்காலியோட காலை ஆறு சென்டிமீட்டர் குறைக்கணும். கீழ அடிச்சட்டம் இருக்கு, அதனால அறுத்துட்டுத் திரும்ப ஒட்டணும்."

"மெஷின் தர்றேன், கட்டரும் தர்றேன். ராடுதான் இல்ல. மேஸ்திரி ஸ்டோர பூட்டிக்கிட்டு எங்கயோ போயிட்டான். கையில மூணு இருக்கு."

"மூணா?"

"எண்ணிப் பாரு. நாலாயிடுச்சுன்னா எனக்கும் சொல்லு."

நாற்காலியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கேலரிக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அவன் அடிச்சட்டத்துக்கு மேலே கோடு கிழித்து நாலு காலையும் அறுத்தான். பதினைந்து நாள் வேலை பொறியாகப் பறந்தது. ஆறு ஆறு சென்டிமீட்டரில் நாலு துண்டுகள் புல்லில் விழுந்தன. மட்டம் பார்த்து, சீட்டை அடிச்சட்டத்தின் மேல் நிறுத்தினான். ஒரு காலைச் சுற்றி முழுசாக ஒட்ட ஒரு ராடு முழுசாக வேண்டும். கால் நாலு, ராடு மூணு.

அப்போது தூறல் ஆரம்பித்தது.

அவள் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, டீச்சரின் குடையை வாங்கி அவன் தலைக்கு மேல் பிடித்தாள். ஒரு கணம் குடை ஆடியது. அவள் சாய்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. சாயாதே என்று வாய் வரை வந்தது, விழுங்கினான். முகமூடியை இறக்கினான். அவன் ராடைத் தட்டுவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினாள். பதினோரு வருஷப் பழக்கம். நெருப்பு எப்போது வரும் என்று அவன் தோளைப் பார்த்தே அவளுக்குத் தெரியும்.

முன்கால் இரண்டும் முடிந்தன. வலது பின்கால் முடிந்தது. ராடு உருகி உருகிக் கடைசியில் அதைக் கவ்விப் பிடிக்கிற ஹோல்டருக்குள் இரண்டு விரல் நீளம் மிஞ்சும். சாதாரண நாளில் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். மூன்று துண்டையும் சேர்த்து வைத்திருந்தான். அவள் ஒரு ஸ்பேனரை எடுத்து முன்கால்களின் கசடைத் தட்டி உதிர்க்கத் தொடங்கியிருந்தாள். டிக் டிக் என்று அந்தச் சத்தம் நான்கு வருஷத்துக்குப் பிறகு அவன் காதில் விழுந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"இடது பின்காலுக்கு டேக்தான் வைக்க முடியும்."

"வைங்க."

"டேக்கு மேல உன்னை உக்கார வைக்க மாட்டேன்."

"மூணு கால் முழுசா இருக்குல்ல? குறைஞ்ச பாரம் விழற கால் அதுதானே?"

"அன்னைக்கும் டேக் தாங்கும்னு நம்பித்தான் கீழ எறங்கினேன்."

இதுவரை அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. தூறல் குடையில் பொடிப்பொடியாகத் தட்டியது. அவள் ஸ்பேனரை மடியில் வைத்தாள்.

"யோவ்" என்றாள்.

அவன் முகமூடிக்குள்ளேயே திடுக்கிட்டான்.

"அந்தக் கம்பிக்குக் கசடு தட்டினது யாரு?"

"நீதான்."

"நாலு பொட்டும் என் சுத்தி பட்ட பொட்டு. டேக்குன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்யா. கம்பியோட வெளிப்பக்கம் கடைசியில ஒரு சாண் ப்ரைமர் மிச்சம் இருந்துச்சு. கீழ எறங்கி வெளிய ஏணி போடணும். சோம்பேறித்தனம். எட்டிடும்னு சாஞ்சேன். தெரிஞ்சுதான் சாஞ்சேன்."

அவன் ஹோல்டரைத் தரையில் வைத்தான்.

"ரெண்டு பேர் தூக்கற கேட்டைத் தனியாத் தூக்கினா இடுப்பு ஒடியும்னு நீதான சொல்லுவ? நாலு வருஷமா இதை நீ தனியாத் தூக்கிட்டுத் திரியற. எனக்கு ஒரு முனைகூடக் குடுக்கல. எனக்கு இடுப்புதான் போச்சு, கை போகல."

"ஏன் இத்தன நாளா சொல்லல?"

"நீ எங்க என் பக்கத்துல உக்காந்த? சாயாத சாயாதன்னு தூரத்துல இருந்தே கத்திட்டு இருந்த."

கேலரிக்காரர் மேல் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, குடும்பக் கதைய அப்புறம் பேசலாம். ஒலிபெருக்கில பேர் கூப்பிட ஆரம்பிச்சுட்டான்."

அவன் முகமூடியை ஏற்றி, கண்ணைப் புறங்கையால் துடைத்து, மறுபடி இறக்கினான். மிஞ்சிய மூன்று துண்டையும் ஒவ்வொன்றாக ஹோல்டரில் கடித்துப் பிடிக்க வைத்து, இடது பின்காலின் நாலு மூலையிலும் நாலு பொட்டு வைத்தான். வாழ்நாளில் அவன் வைத்ததிலேயே நிதானமான டேக் அவை. கசடு தட்ட நேரமில்லை. கறுப்பாகவே விட்டு நாற்காலியைத் தூக்கினார்கள்.

*

நடுவர் டேப்பைப் பிடித்தார். மெத்தையோடு எழுபத்தைந்து. காதிலிருந்த பென்சிலை எடுத்து ஏதோ குறித்தார். "வெல்டு இன்னும் சூடா இருக்கே" என்றார். "புதுசு சார்" என்றான் அவன்.

எட்டுப் பெல்ட்டையும் இழுத்துத் தரையில் அடித்த வளையங்களில் மாட்டினார்கள். அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். தொடையின் மேல் ஒரு பட்டை. அப்புறம் அவனைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். எதிரே டீக்கடை ஒன்றும் இல்லை. முதுகைத் திருப்ப இடமில்லை. முதல்முறையாக அவன் பார்த்தான்.

முதல் எறி ஐந்து மீட்டர் எண்பது. அவள் முதுகு நிமிர்ந்தே இருந்தது. கையால் மட்டும் எறிந்தாள். இரண்டாவது ஐந்து தொண்ணூறு.

"சாயணும்மா!" என்று டீச்சர் பல்லைக் கடித்தார். "நாற்காலிய நம்பு!"

அவள் நாற்காலியை நம்பவில்லை. வாயால் வைங்க என்றவள்தான், உடம்பு கேட்கவில்லை. விழுந்த உடம்பு அது. அவனுக்கு அது தெரிந்தது. வேறு யாரையும்விட அவனுக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது எறிக்கு அவள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். குண்டு கழுத்தோடு ஒட்டியிருந்தது. அங்கிருந்து முன்னால் வந்தபோது, நாற்காலிக்குக் கீழே ஒரு சத்தம்.

டிக்.

கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டு பேருக்குக் கேட்டது. குண்டு அவள் கையிலிருந்து நழுவியது போல நாலு மீட்டரில் விழுந்தது. அவள் நாற்காலியின் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். திரும்பி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அவனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை வேறு எதையும் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவளின் ஒரே கேள்வி. கசடு தெறித்ததா, டேக் விட்டதா?

அவன் கயிற்றைத் தாண்ட முடியாது. குனிந்து பார்த்தாலும் அந்தக் கால் மறைவில் இருந்தது. காது ஒன்றுதான் அவனிடம் இருந்தது. இருபது வருஷமாக இரும்பின் சத்தத்தைக் கேட்ட காது. டேக் விட்டால் சத்தம் கனமாக, உள்ளேயிருந்து வரும். கசடு தெறித்தால் உலர்ந்து, மெலிதாக, நகம் வெட்டியது போல வரும். இது எது? மெலிதாகத்தான் இருந்தது. மெலிதாக இருந்ததா, மெலிதாக இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டானா? அன்று பால்கனியில் என்ன சத்தம் வந்தது என்று அவனுக்குத் தெரியாது. அன்று அவன் கீழே இருந்தான்.

நடுவர் கையைத் தூக்கினார். நாலாவது எறி. எறியத் தந்த ஒரு நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் அவனையே பார்த்தாள்.

"கசடு!" என்று கத்தினான். குரல் பிளந்தது. அண்ணி அவனைப் பிடித்துக்கொண்டாள். "கசடுதான்டி! சாய்! நல்லா சாய்!"

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். வெள்ளைப் பொடியைக் கையில் தேய்த்துக்கொண்டாள். குண்டை எடுத்துக் கழுத்தில் வைத்தாள். பின்னால் சாய்ந்தாள், சாய்ந்தாள், இதற்கு மேல் மனுஷியால் முடியாது என்கிற இடத்துக்கும் அப்பால் சாய்ந்தாள். தலை தொங்கியது, முகம் வானத்தைப் பார்த்தது. தூறல் அவள் முகத்தில் விழுந்தது. எட்டுப் பெல்ட்டும் விறைத்தன. ஒரு கணம் எல்லாம் அப்படியே நின்றது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம், அவள் தெரு முழுக்கக் கேட்கக் கத்துகிற காலத்தில்கூட அவன் கேட்டிராத சத்தம், அவளை முன்னால் கொண்டுவந்து வீசியது.

குண்டு கையை விட்டுப் போயிற்று.

பதினாறு வயதிலிருந்து அவன் இரும்போடு இருக்கிறான். இரும்பு கனக்கும், துருப்பிடிக்கும், காலில் விழும், சூட்டில் வளையும், சொன்ன பேச்சுக் கேட்காது. இரும்பைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றுமில்லை என்றிருந்தான். அது பறந்து அவன் பார்த்ததில்லை. சாம்பல் வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டாக அது ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. கீழே வர அதற்கு மனமே இல்லாதது போல மேலே ஓரிடத்தில் தயங்கியது. பட்டைக்குள் மடங்கி முன்னால் தொங்கியபடி, ஒரு கையைக் காற்றில் நீட்டியபடி, அவளும் அதைப் பார்த்தாள். அந்தக் கை அன்று ஒரு சாண் எட்டாமல் போன கை. அவனுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. மழைக்கு அண்ணாந்த முகத்தோடு நின்றான்.

ஏழு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். குண்டு அதைத் தாண்டி ஈர மண்ணில் 'பொத்'தென்று புதைந்தது.

"ஏழு இருபத்தி ரெண்டு!" என்றார் டேப் பிடித்தவர். அண்ணி "சரியா அளந்தாங்களா, சரியா அளந்தாங்களா" என்று யாரென்று தெரியாதவரை உலுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதும் ஆறாவதும் அவ்வளவு போகவில்லை. ஆனால் அவள் சாய்ந்துதான் எறிந்தாள். ஒவ்வொரு முறையும் அவன் பார்த்தான்.

பெல்ட்டுகளை அவிழ்த்து, அவளை மெத்தையோடு சக்கர நாற்காலிக்கு மாற்றினார்கள். அவன் புல்லில் மண்டியிட்டு இடது பின்காலைத் தடவினான். நாலு பொட்டில் ஒன்று வெள்ளியாய் மின்னியது. மற்ற மூன்றும் கறுப்பாகவே இருந்தன. நாலும் கெட்டியாக இருந்தன. கீழே, ஈரப் புல்லில், மீன் செதில் போல ஒரு கசடு கிடந்தது. எடுத்து அவளிடம் காட்டினான்.

"கசடுதான்" என்றாள்.

"ம்."

"தெரிஞ்சுதான் கத்தினியா?"

அவன் கசடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பாதி."

"பாதியா? அடப்பாவி மனுஷா!" வெள்ளைப் பொடி அப்பிய கையால் அவன் முதுகில் அறைந்தாள். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

"நாற்காலிய எடுங்கப்பா, அடுத்த ஆள் வரணும்" என்றார் நடுவர். தள்ளுவண்டியை யாரோ கொண்டுபோயிருந்தார்கள். அவன் குனிந்து இரண்டு கையாலும் நாற்காலியைக் கட்டிப் பிடித்தான். தூக்க மூச்சை இழுத்தான்.

"யோவ்" என்றாள். "தனியாத் தூக்காத."

சக்கர நாற்காலியைத் திருப்பி, அருகில் உருட்டி வந்தாள். முன்கால் இரண்டையும் பிடித்து இழுத்தாள். "இருடி, மடி சிராய்ச்சுடும்" என்று அண்ணி தன் துண்டை நாலாய் மடித்து அவள் தொடையில் விரித்தாள். அதன் மேல் அடிச்சட்டத்தை ஏற்றி, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள் அவள். மறுமுனையை அவன் தூக்கினான். பின்னாலிருந்து அண்ணி தள்ள, சக்கரம் புல்லில் புதைந்து புதைந்து நகர்ந்தது.

"மட்டமாப் புடி" என்றாள் அவள். "உன் பக்கம் இறங்குது."